இரண்டு வரைபடம், ஒரே படக்கோப்பு: எங்கே வைத்துச் சேர்ப்பது?

கணித மென்பொருளில் இரண்டு வரைபடங்களை அடுத்தடுத்து வரவழைப்பது இப்போது யாருக்கும் கடினமில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. படத்தின்மேல் வலது கிளிக் செய்து சேமித்தால் ஒரு பாதி மட்டும் வருகிறது. தனித்தனியாகச் சேமித்து ஒட்டினால் இரண்டு பெட்டிகளும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நிற்கின்றன. எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நினைத்து பிரிண்ட் எடுத்தால் எண்களைப் படிக்க முடியவில்லை.

ஆய்வேடு கட்டும் மாதங்களில் மாணவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் சிக்கல் இதுதான். “எந்த மென்பொருளில் சுலபம்?” என்று கேட்பார்கள். மென்பொருளைத் தேர்வதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்ய வேண்டும்: இரண்டையும் எந்த இடத்தில் சேர்ப்பது? வரையும்போதே ஒரே தாளில் சேர்க்கலாம். தனித்தனியாக எடுத்து ஆவணத்துக்குள் சேர்க்கலாம். இரண்டு படங்களையும் பிக்சல்களாக ஒட்டலாம். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் பரிந்துரையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிந்தவரை வரையும் இடத்திலேயே, அச்சுகளை இன்னும் மாற்ற முடிகிற நிலையிலேயே சேர்த்துவிடுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

சதுர அலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். +1, −1 என்று மாறி மாறி நிற்கும் அலை. ஃபூரியே தொடரின், அதாவது சைன் அலைகளைக் கூட்டி அந்த அலையை உருவாக்கும் தொடரின், முதல் 25 உறுப்புகளைக் கூட்டி அதை வரைந்தால், அலை குதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வளைகோடு 1-ஐத் தாண்டி ஏறத்தாழ 1.18 வரை போய்விட்டுத் திரும்பும். உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் துள்ளல் ஒடுங்கிக் குதிக்கும் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். உயரம் மட்டும் ஏறத்தாழ 1.179-க்குக் கீழே இறங்காது. குதிப்பின் மொத்த அளவில் இது சுமார் 9 விழுக்காடு. கிப்ஸ் விளைவு என்று பெயர். கிப்ஸ் இதைப் பற்றி எழுதியது 1899-இல். அவருக்கு முன்பே 1848-இல் ஹென்றி வில்பிரகாம் இதைக் கண்டு எழுதியிருந்தார். ஒரு உறுப்பு, இரண்டு உறுப்பு என்று வரிசையாகக் கூட்டிக் கிடைக்கும் பகுதிக் கூடுதல்களின் சராசரியை எடுத்தால் துள்ளல் காணாமல் போய்விடும். லிபோட் ஃபேயர் 1900-இல் காட்டிய வழி அது. சராசரி எடுத்த வளைகோடு 1-ஐத் தாண்டவே தாண்டாது.

இடது பக்கம் சாதாரணக் கூடுதல், வலது பக்கம் ஃபேயர் சராசரி. அடுத்தடுத்து வைத்தால் பார்த்தவுடனே புரிய வேண்டிய இணை இது. நான் முதன்முதலில் ஒரு கட்டுரைக்கு இதை வரைந்தபோது இரண்டையும் தனித்தனியாகச் சேமித்து ஒட்டினேன். மென்பொருள் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒய் அச்சின் எல்லையைத் தானாகவே வைத்துக்கொண்டது. இடது படத்தில் 1.18-க்குச் சற்று மேலே, வலது படத்தில் 1-க்குச் சற்று மேலே. விளைவு, இரண்டிலும் வளைகோடு பெட்டியின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரே உயரத்தில் போய் நின்றது. கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர், துள்ளல் நீங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், படத்தில் அது தெரியவில்லையே என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம். கணிதம் சரியாக இருந்தும் படம் அதைச் சொல்லவில்லை. ஒட்டிய பிறகு அச்சை மாற்றவும் வழியில்லை. முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

முதலில் அகலம்

எந்த வழியில் போனாலும், கடைசியில் அந்தப் படம் எத்தனை அங்குல அகலத்தில் நிற்கப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை அங்குலமும் வலது ஓரம் ஒரு அங்குலமும் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 5.77 அங்குலம். பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் எதையும் மாற்றாமல் வரைந்தால் ஒரு படத்தின் அகலம் 6.4 அங்குலம், எழுத்து 10 பாயிண்ட். அப்படிப்பட்ட இரண்டு படங்களை ஆய்வேட்டில் பாதிப் பாதி அகலத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 2.77 அங்குலமாகச் சுருங்கும். எழுத்தும் கூடவே சுருங்கி 4.3 பாயிண்ட் ஆகிவிடும். படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் மென்பொருளின் குறை இல்லை, இந்தக் கணக்குதான்.

ஆய்விதழ்கள் அகலத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. ஐஇஇஇ இதழ்களில் ஒற்றைப் பத்தி 3.5 அங்குலம், இரட்டைப் பத்தி 7.16 அங்குலம். நேச்சர் இதழில் 89, 183 மில்லிமீட்டர். எல்சேவியர் 90, 190 மில்லிமீட்டர் என்கிறது. கோட்டுப் படங்களுக்கு 1000 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 1000 புள்ளி கேட்கிறது. 190 மில்லிமீட்டர் என்பது ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதை 1000 டிபிஐ-யில் பிக்சலாக்கினால் அகலம் மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறு பிக்சலை நெருங்கும். கோட்டுப் படத்தை வெக்டராக, அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் பிடிஎஃப் அல்லது எஸ்விஜி வடிவில் கொடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம். வெக்டரில் டிபிஐ என்ற கேள்வியே எழாது.

இனி எடுத்துக்காட்டுகளில் 7 அங்குல அகலம், 2.8 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். 300 டிபிஐ-யில் இது 2100 பெருக்கல் 840 பிக்சல்.

பிக்சலில் ஒட்டுவது

ஸ்கிரீன்ஷாட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். 1366 பிக்சல் அகலமுள்ள மடிக்கணினித் திரையை முழுவதும் படமாக எடுத்தால்கூட 7 அங்குலத்தில் 195 டிபிஐ-தான் கிடைக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியை விளக்க அது போதும். பிரிண்டுக்கு ஆகாது.

இமேஜ்மேஜிக் போன்ற கருவி வேறு தரம். இரண்டு பிஎன்ஜி கோப்புகளின் பெயரையும் கொடுத்து, கூட்டல் குறியுடன் ‘அப்பெண்ட்’ என்றால் பக்கவாட்டில் ஒட்டும். கழித்தல் குறியுடன் கொடுத்தால் மேலும் கீழுமாக ஒட்டும். ஒரே வரி, ஒரு நொடி வேலை. இரண்டு படங்களின் உயரமும் வேறாக இருந்தால் மேல் விளிம்பைச் சேர்த்து வைத்துவிட்டு, கீழே மிஞ்சும் இடத்தைப் பின்னணி நிறத்தால் நிரப்பிவிடும். அங்கேதான் கண் உறுத்தத் தொடங்கும்: படங்களின் விளிம்பு சேர்ந்திருக்கும், உள்ளே இருக்கும் அச்சுப்பெட்டிகள் சேர்ந்திருக்காது. ஒன்றின் தலைப்பு இரண்டு வரியாக இருந்தால் அந்தப் பெட்டி கீழே இறங்கியிருக்கும். ஒன்றில் எண்கள் 1, 2 என்றும் மற்றதில் 0.0001 என்றும் இருந்தால் அகலம் மாறியிருக்கும்.

ஆனாலும் இந்த வழியை நான் மொத்தமாகத் தள்ளவில்லை. வரைந்த நிரல் தொலைந்து போய்ப் படம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது வேறு வழியில்லை. ஒரு பக்கம் நுண்ணோக்கிப் புகைப்படம், மறுபக்கம் வரைபடம் என்றால் புகைப்படம் ஏற்கெனவே பிக்சல்தானே, தாராளமாக ஒட்டலாம். வேறு வேறு மென்பொருளில் பிறந்த இரண்டு படங்களுக்கும் இது சில நேரம் உதவும். அப்படி ஒட்டும்போது இரண்டையும் ஒரே உயரம், ஒரே டிபிஐ, ஒரே எழுத்தளவில் ஏற்றுமதி செய்துவிட்டு ஒட்டுங்கள்.

ஜேபெக் மட்டும் வேண்டாம். அது படத்தை 8 பெருக்கல் 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. புகைப்படத்துக்கு அது பொருந்தும். வெள்ளைத் தாளில் மெல்லிய கறுப்புக் கோடு போகும் வரைபடத்தில் கோட்டைச் சுற்றிலும் அழுக்குப் போல ஒரு படலம் தெரியும்.

ஆவணத்தில் சேர்ப்பது

கட்டளைகளால் ஆவணம் அமைக்கும் லாடெக்கில் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வழி. சப்கேப்ஷன் தொகுப்பைச் சேர்த்து, ஒரே படச் சூழலுக்குள் இரண்டு துணைப் படங்களை வைத்தால் (அ), (ஆ) என்று தனித்தனி விளக்கம் எழுதலாம். உரையில் ஒவ்வொன்றையும் தனியாகச் சுட்டலாம். ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருந்தால் அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். ஆய்வேட்டுக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். வேர்டில் எழுதுகிறவர்கள் கோடு தெரியாத இரண்டு கட்ட அட்டவணை ஒன்றைப் போட்டு அதற்குள் படங்களை வைக்கலாம். இழுத்து இழுத்து நகர்த்துவதைவிட அது நிலையாக நிற்கும்.

இந்த வழியில் இரண்டு குறைகள் உண்டு. அச்சுப்பெட்டிகளைச் சேர்த்து நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது. ஆவணத்துக்குப் படத்தின் வெளி விளிம்பு மட்டும்தான் தெரியும். இன்னொன்று, சில இதழ்கள் ‘படம் 1 என்றால் ஒரே கோப்பு’ என்று கேட்கும். அப்போது லாடெக்கிலேயே தீர்வு இருக்கிறது. ‘ஸ்டாண்டலோன்’ என்ற ஆவண வகையில் இரண்டு படங்களை மட்டும் வைத்துத் தொகுத்தால், சுற்றிலும் வெற்றிடம் இல்லாமல் அளவாக வெட்டிய ஒரே பிடிஎஃப் கிடைக்கும். உள்ளே வைத்த படங்கள் வெக்டர் என்றால் அதுவும் வெக்டர்தான். பிஎன்ஜி வேண்டுமென்றால் பிடிஎஃப்டுகெய்ரோ என்ற சிறு கருவியில் 300 டிபிஐ கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாத வசதி. இமேஜ்மேஜிக்கில் ஒட்டுவதற்கு முன்னால் இதை முயன்று பாருங்கள்.

லாடெக்கிலேயே வரைகிறவர்களுக்கு பிஜிஎஃப்பிளாட்ஸில் ‘குரூப்பிளாட்ஸ்’ நூலகம் இருக்கிறது. உரையில் இருக்கும் அதே எழுத்துரு படத்திலும் வரும். அழகில் இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. ஆனால் தரவு பெரிதானால் தொகுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். சில நூறு புள்ளிகள் உள்ள படங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே தாளில் வரைவது

இப்போது எனக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன். இதில் மென்பொருள்களுக்கு இடையே நிறைய வேறுபாடு உண்டு.

பைத்தான் பக்கம் மேட்பிளாட்லிப். ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்டது. இதில் ‘ஃபிகர்’ என்பது தாள், ‘ஆக்சஸ்’ என்பது அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு வரைபடப் பெட்டி. இந்தப் பிரிவு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது: சேமிப்பது தாளை, பெட்டியை அல்ல. ‘சப்பிளாட்ஸ்’ கட்டளையில் ஒரு வரிசை, இரண்டு நெடுவரிசை, தாளின் அளவு 7, 2.8 என்று கொடுத்து, ‘ஷேர்ஒய்’ என்பதை உண்மை என்று வைத்தால் இரண்டு பெட்டிகளும் ஒரே ஒய் அச்சைப் பகிர்ந்துகொள்ளும். வலது பெட்டியின் ஒய் அச்சு எண்களை அதுவே மறைத்துவிடும். கிப்ஸ் இணையை இப்படி வரைந்தால் இடது படத்தின் துள்ளல் 1.18-இல் நிற்பதும், வலது படம் 1-க்குள் அடங்குவதும் ஒரே பார்வையில் தெரியும். என் கட்டுரைக்கு நான் தேடியது அந்த ஒரு சொல்தான்.

லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க ‘கன்ஸ்ட்ரெய்ன்டு’ என்ற தள அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய ‘டைட் லேஅவுட்’டைவிட இது தாளுக்குப் பொதுவான தலைப்பையும் நிறப்பட்டையையும் நன்றாகக் கையாளுகிறது. அப்புறம், இணையத்தில் எங்கே பார்த்தாலும் சேமிக்கும் கட்டளையில் ‘பிபாக்ஸ் டைட்’ என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். ஓரத்து வெற்றிடத்தை அது வெட்டிவிடும், உண்மைதான். ஆனால் வெட்டிய பிறகு தாளின் அகலம் 7 அங்குலமாக இருக்காது. நீங்கள் அளந்து வைத்த எழுத்தளவு ஆவணத்துக்குள் போனதும் மாறிவிடும். அகலத்தைக் கணக்குப் பார்த்து வரைகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வெப்ப வரைபடம் போல நிறத்தால் மதிப்பைக் காட்டும் இணையாக இருந்தால் இன்னும் ஒரு கவனம் வேண்டும். ஒய் அச்சுக்குச் சொன்னதெல்லாம் அங்கே நிற அளவுக்குப் பொருந்தும். இரண்டுக்கும் நிறத்தின் கீழ் எல்லை, மேல் எல்லை ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவாக ஒரே நிறப்பட்டை வைக்க வேண்டும். நிறப்பட்டைக் கட்டளைக்கு இரண்டு ஆக்சஸையும் பட்டியலாகக் கொடுத்தால் அது இரண்டிலும் சமமாக இடம் எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பெட்டி மட்டும் மெலிந்து நிற்கும்.

சேஜ்மேத் உள்ளுக்குள் மேட்பிளாட்லிப்பையே பயன்படுத்துகிறது. ‘கிராஃபிக்ஸ் அரே’ என்ற கட்டளையில் இரண்டு வரைபடங்களைப் பட்டியலாகக் கொடுத்து, கிடைப்பதை ‘சேவ்’ செய்தால் ஒரே கோப்பு. அளவையும் டிபிஐ-யையும் அங்கேயே கொடுக்கலாம். அச்சைத் தானாகப் பகிராது. இரண்டு வரைபடங்களுக்கும் ஒய்மின், ஒய்மேக்ஸ் மதிப்புகளை நீங்களே ஒன்றாகக் கொடுங்கள். முப்பரிமாண வரைபடத்தை இந்த அரேயில் வைக்க முடியாது. அந்த நேரத்தில் முப்பரிமாணப் படத்தைத் தனி பிஎன்ஜி ஆக எடுத்து ஒட்டுவது, அல்லது அந்த இணையை மட்டும் நேரடியாக மேட்பிளாட்லிப்பில் ஒரே தாளில் வரைவது என்று போக வேண்டும். நான் இரண்டாவதைச் செய்வேன்.

மேட்லேப்பில் பழைய ‘சப்பிளாட்’ இன்னும் வேலை செய்கிறது. அதில் பெட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் அதிகம். 2019-இன் இரண்டாவது பதிப்பில் வந்த ‘டைல்டுலேஅவுட்’டுக்கு மாறிவிடுங்கள். இடைவெளியைச் சுருக்கலாம், இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒய் லேபிள் வைக்கலாம். அச்சுகளை இணைக்க ‘லிங்க்ஆக்சஸ்’ இருக்கிறது. அதற்கு அடுத்த பதிப்பில் ‘எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ்’ வந்தது. மாணவர்கள் இங்கே ஒரே தவறைச் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: நடப்பு ஆக்சஸை அதற்குக் கொடுக்கிறார்கள், கடைசியாக வரைந்த பெட்டி மட்டும் கோப்பில் வருகிறது. முழுத் தள அமைப்பையோ ஃபிகரையோ கொடுத்தால் இரண்டும் வரும். பிஎன்ஜி-க்கு அது தானாக எடுப்பது 150 டிபிஐ; 300 வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போது உள்ளடக்கம் வெக்டர் என்று குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் சிக்கலான படங்களை அது பிக்சலாக்கிவிடலாம். இதுவும் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் சேமிக்கிறது. கோப்பின் அகலத்தை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்டேவில் இருப்பவர்களுக்கு சப்பிளாட்டும் ‘பிரிண்ட்’ கட்டளையும் போதும். ‘பிரிண்ட்’ முழு ஃபிகரையே எடுக்கும் என்பதால் பாதிப் படம் வரும் தொல்லை அங்கே இல்லை.

மேத்தமேட்டிக்காவில் சேர்ப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பதே குழப்பம். ‘ரோ’, ‘கிரிட்’ இரண்டும் எழுத்தையும் படத்தையும் அடுக்கும் பொதுவான அமைப்புகள். ‘கிராஃபிக்ஸ்ரோ’, ‘கிராஃபிக்ஸ்கிரிட்’ இரண்டும் படங்களைச் சேர்த்து ஒரே கிராஃபிக்ஸ் பொருளாக ஆக்குபவை. பதிப்பு 6-இலிருந்து, அதாவது 2007-இலிருந்து இருக்கின்றன. ஏற்றுமதிக்கு இவைதான் தோது. இங்கே தொல்லை கொடுப்பது அச்சு எண்களின் அகலம். இரண்டு வரைபடங்களிலும் எண்களின் நீளம் வேறாக இருந்தால் பெட்டிகள் சரிசமமாக நிற்காது. ‘இமேஜ்பேடிங்’ என்பதை இரண்டுக்கும் ஒரே எண்களாகக் கொடுங்கள், ‘பிளாட்ரேஞ்ச்’ ஒன்றாக வையுங்கள், மொத்தப் படத்தின் அகலத்தை 504 என்று வையுங்கள். ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பதால் 504 பாயிண்ட் என்றால் 7 அங்குலம். பிஎன்ஜி ஏற்றுமதி செய்யும்போது ‘இமேஜ்ரெசல்யூஷன்’ 300 என்று சேர்க்க மறக்க வேண்டாம். ஒரு பெரிய வசதி: இருபரிமாண வரைபடத்தையும் முப்பரிமாண வரைபடத்தையும் ஒரே வரிசையில் அடுக்க இங்கே தடையில்லை.

மேப்பிளில் வரைபடங்களை அரேயாகக் கொடுத்து ‘டிஸ்பிளே’ செய்தால் வேலைத்தாளில் அழகாக அடுத்தடுத்து வரும். ஆனால் அது ஒரு அட்டவணை. ஒவ்வொரு கட்டமும் தனி வரைபடம். வலது கிளிக்கில் ஒரு கட்டத்தைத்தான் ஏற்றுமதி செய்ய முடியும். வேலைத்தாளை பிடிஎஃப் ஆக்கி அந்தப் பகுதியை வெட்டுவது, அல்லது தனித்தனியாக எடுத்து ஸ்டாண்டலோனில் சேர்ப்பது நடைமுறையில் உதவும். இரண்டாவது வரைபடத்தை வலப்புறம் நகர்த்தி இரண்டையும் ஒரே வரைபடமாக்குவதும் உண்டு. அப்போது எக்ஸ் அச்சின் எண்கள் இரண்டாவதற்குப் பொருந்தாமல் போகும் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. பள்ளி ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தும் ஜியோஜீப்ராவிலும் இதே நிலைதான்: இரண்டு வரைகலைப் பலகைகளைத் திரையில் அடுத்தடுத்துத் திறக்கலாம், படமாக ஏற்றுமதி செய்வது ஒவ்வொன்றாகத்தான்.

ஆர் மொழியில் அடிப்படை வரைபடம் என்றால் முதலில் கோப்பைத் திறக்க வேண்டும்: ‘பிடிஎஃப்’ கட்டளையில் அகலம் 7, உயரம் 2.8. பிறகு ‘பார்’ கட்டளையில் ‘எம்எஃப்ரோ’ ஒன்றுக்கு இரண்டு. வரைந்து முடித்து ‘டெவ்.ஆஃப்’ சொல்லாவிட்டால் கோப்பு முழுமையடையாது. இரண்டுக்கு இரண்டு என்று நான்கு படம் வைத்தால் எழுத்தளவை அதுவே 0.83 மடங்காகவும், வரிசையோ நெடுவரிசையோ மூன்றைத் தொட்டால் 0.66 மடங்காகவும் குறைத்துவிடும். தெரியாமல் இருந்தால் எழுத்து ஏன் சிறிதாயிற்று என்று வெகுநேரம் தேட வேண்டியிருக்கும். ஜிஜிபிளாட்2-க்கு ‘எம்எஃப்ரோ’ செல்லாது, அது வேறு வரைகலை அமைப்பின்மேல் நிற்கிறது. ஒரே தரவின் இரண்டு பிரிவுகள் என்றால் ‘ஃபேசெட்’ போதும், அச்சும் தானாகவே பொதுவாகிவிடும். வேறு வேறு படங்கள் என்றால் ‘பேட்ச்வொர்க்’ தொகுப்பு. இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு கூட்டல் குறி போட்டால் சேர்ந்துவிடுகின்றன, அச்சுப்பெட்டிகளையும் அதுவே நேராக்கி நிறுத்துகிறது. இந்த ஒரு வேலையில் பேட்ச்வொர்க் அளவுக்கு மனநிறைவு தந்தது வேறு எதுவும் இல்லை.

க்னூபிளாட்டில் ‘மல்டிபிளாட்’. கோப்பின் பெயரை மல்டிபிளாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், முடிந்ததும் அதை மூட வேண்டும். பிஎன்ஜிகெய்ரோ அளவைப் பிக்சலில் கேட்கும். 2100 என்று பெரிதாகக் கொடுத்தால் எழுத்து மட்டும் பழைய அளவிலேயே நின்று சிறுத்துத் தெரியும். பிடிஎஃப்கெய்ரோவில் அங்குலத்திலேயே கொடுக்கலாம், அந்தத் தொல்லை வராது.

தமிழில் லேபிள் வைத்தால்

தமிழில் பாடநூலோ கட்டுரையோ எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். மென்பொருளைத் தேர்வதில் என் முடிவையே இது மாற்றியிருக்கிறது. ‘வெப்பநிலை’, ‘நேரம்’ போன்ற சொற்களில் எ, ஏ, ஐ குறிகள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, காட்டும்போது முன்னால் நகர வேண்டும். மேட்பிளாட்லிப்பில் முதலில் வெறும் கட்டங்கள் வரும்; அதன் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்துகள் வருகின்றன, ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் கொம்பு மெய்க்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. தமிழ் தெரிந்தவர் கண்ணில் உடனே குத்தும்.

இதற்கு நான் செய்வது, எஸ்விஜி ஆகச் சேமித்து, எழுத்துகளை வரைகோடாக்காமல் எழுத்தாகவே விடச் சொல்வது. ‘எஸ்விஜி.ஃபான்ட்டைப்’ என்ற அமைப்பை ‘நன்’ என்று வைத்தால் போதும். பிரவுசரிலோ இங்க்ஸ்கேப்பிலோ திறக்கும்போது தமிழ் சரியாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பிலிருந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம். லாடெக் படிக்கும் பிஜிஎஃப் வடிவில் சேமித்து ஸீலாடெக்கில் தொகுப்பதும் நல்ல பலன் தருகிறது. க்னூபிளாட்டின் கெய்ரோ வடிவங்கள் பேங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துவதால் அங்கே கொம்பும் காலும் தம் இடத்தில் வந்து நிற்கின்றன. ஆர் மொழியில் ‘ராக்’ தொகுப்பு வழியாக பிஎன்ஜி எடுத்தாலும் அப்படியே.

எதை எடுப்பது

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். இரண்டு வரைபடங்களும் ஒரே நிரலில் பிறக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வைக்கிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஒரே தாளில், ஒரே அச்சில் வரைந்து பிடிஎஃப் எடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் மேட்பிளாட்லிப். ஏற்கெனவே ஆர் தெரிந்தவர் என்றால் பேட்ச்வொர்க்கை விட்டு வெளியே வரத் தேவையில்லை. மேட்லேப், மேத்தமேட்டிக்கா உரிமம் கையில் இருக்கிறது, வேலையும் அங்கேதான் நடக்கிறது என்றால் படத்துக்காக மட்டும் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டாம். மேலே சொன்ன இரண்டு மூன்று அமைப்புகளைக் கவனித்தால் அங்கேயே நல்ல கோப்பு கிடைக்கும்.

இரண்டு படங்களும் வேறு வேறு செய்தியைச் சொல்கின்றன, அச்சுகளுக்குள் தொடர்பே இல்லை என்றால் லாடெக்கில் துணைப் படங்களாக வையுங்கள். ஒரே கோப்பு கேட்டால் ஸ்டாண்டலோன். மேப்பிள், ஜியோஜீப்ராவில் வரைகிறவர்களும் இந்த வழிக்கே வரலாம்.

புள்ளிகள் லட்சக்கணக்கில் இருந்தால் மட்டும் முழு வெக்டர் வேண்டாம். கோப்பு பெருத்து, திறக்கவே நேரமெடுக்கும். மேட்பிளாட்லிப்பில் அந்தப் புள்ளிகளை மட்டும் ‘ராஸ்டரைஸ்டு’ என்று குறித்தால் அவை பிக்சலாகும். அச்சும் எழுத்தும் வெக்டராகவே இருக்கும். இபிஎஸ் வடிவத்தைக் கேட்கும் இதழ்களுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் ஒளி ஊடுருவும் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வடிவத்தில் ஒளி ஊடுருவல் கிடையாது, ஒன்றின்மேல் ஒன்று வரும் பகுதிகளில் அடியில் இருப்பது மறைந்துபோகும்.

கோப்பு கையில் வந்ததும் அதை 100 விழுக்காடு அளவில், ஒரு ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். அச்சு எண்கள் தெரிகின்றனவா, இரண்டு கோடுகளும் நிறம் இல்லாமலே பிரிந்து தெரிகின்றனவா, இடது பெட்டியின் அடிக்கோட்டில் ஒரு அளவுகோலை வைத்தால் வலது பெட்டியின் அடிக்கோடும் அதே நேரில் வருகிறதா என்று பாருங்கள். கிப்ஸ் இணையை நான் மறுபடி வரைந்து அனுப்பியபோது இதைச் செய்துவிட்டுத்தான் அனுப்பினேன். இரண்டாவது முறை அந்தப் படத்தைப் பற்றி மதிப்பீட்டாளர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.